அப்பாவின் 25 டிகிரி என்பது எத்தனை மோலார்?

அளத்துப்பெண் (கேள்வி)

வணக்கம். வேதியியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, முள்ளக்காடு பக்கம். அப்பா குத்தகைக்கு எடுத்த அளத்தில் உப்பு விளைவிக்கிறார். கடல் நீர் இல்லை, ஆழ்குழாய்க் கிணற்று நீர்.

அப்பா பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் அவர் இடுப்புத் துண்டில் சுற்றிவைத்திருக்கும் கண்ணாடிக் குழாயை, அதாவது நீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை, வேறு யாரும் தொடக்கூடாது. பாத்தி நீரை ஓர் உயரமான தகரக் குவளையில் முகந்து, அதில் குழாயை மெல்ல விடுவார். அது ஆடி நிற்கும்வரை மூச்சு விடாமல் குனிந்து பார்ப்பார். "24 ஆயிற்று, நாளைக்கு உப்பு விழும்" என்றால் விழும். 25-ல் பாத்தியில் பூப் பூத்ததுபோல் மேலே மிதக்கும். 29-ஐத் தொட்டால் மிச்ச நீரை வடித்துவிடுவார். அதற்கு மேல் வைத்தால் உப்பு கசக்குமாம்.

செயல்திட்டத்திற்கு இந்த நீரையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 25 டிகிரி என்பதை மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்), மோலாலிட்டி (ஒரு கிலோ நீருக்கு எத்தனை மோல்), சதவீதம் என்று மாற்றி எழுதினால் போதும், இரண்டு பக்க வேலை என்று நம்பினேன். இப்போது என்னிடம் ஒரே நீருக்கு மூன்று விடைகள் இருக்கின்றன.

முதல் விடை: 25 டிகிரி என்றால் 25 சதவீதம். லிட்டருக்கு 250 கிராம். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44. ஆகவே 4.28 மோலார்.

இரண்டாவது விடை தோழி போட்டது. சதவீதம் நிறைக்கு நிறை, ஆகவே அடர்த்தியால் பெருக்க வேண்டும் என்றாள். 25 டிகிரிக்கு அடர்த்தி 1.208 என்று அட்டவணையில் இருக்கிறது. லிட்டருக்கு 302 கிராம், 5.17 மோலார்.

மூன்றாவது, ஆய்வகத்தில் நானே செய்தது. 10 மி.லி. நீரை 1 லிட்டராக நீர்த்து, அதில் 20 மி.லி. எடுத்து, பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட்டால் தரம் பார்த்தேன், அதாவது நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். மூன்று முறையும் 10.6 மி.லி.யில் செங்கல் நிறம் நின்றது. கணக்கிட்டால் 5.30 மோலார், லிட்டருக்கு 310 கிராம்.

எது சரி? ஆசிரியரிடம் கேட்டேன். "சூத்திரத்தில் போடு" என்று மட்டும் சொன்னார். எந்தச் சூத்திரம் என்பதுதான் என் கேள்வியே.

கணக்குப்புலி

இதில் என்ன குழப்பம்? மோலாரிட்டி = 10 × நிறைச் சதவீதம் × அடர்த்தி ÷ மோலார் நிறை. 10 × 25 × 1.208 ÷ 58.44 = 5.17. உங்கள் தோழி சொன்னதுதான் சரி. தரம் பார்த்ததில் கொஞ்சம் கூடுதலாக விட்டிருப்பீர்கள். அந்தச் செங்கல் நிறம் கண்ணை ஏமாற்றும். 5.17 என்று எழுதிக் கொடுங்கள், மதிப்பெண் வரும்.

பழைய பியூரெட்

மதிப்பெண் வரலாம். விடை வராது.

அளத்துப்பெண்ணுக்கு: நான் காஸ்டிக் சோடா தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உப்பு நீரைத் தரம் பார்த்தே ஓய்வு பெற்றவன். உன் அப்பாவைப் போன்றவர்கள் அனுப்பிய உப்புதான் எங்களுக்கு லாரியில் வரும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள் அம்மா.

முதலில் அந்த டிகிரியைப் பார்ப்போம். சூத்திரம் சரிதான். அதில் சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 25-ஐப் போட்டதுதான் தவறு. உன் அப்பாவின் குழாய் காட்டும் போமே டிகிரி என்பது செறிவின் அலகே இல்லை. அடர்த்தியை வேறு எண்ணில் எழுதுவது, அவ்வளவுதான். நீரைவிடக் கனமான திரவத்திற்கு:

அடர்த்தி = 145 ÷ (145 − டிகிரி)

25-ஐப் போட்டால் 145 ÷ 120 = 1.208. உன் அட்டவணையில் இருப்பதும் இதே எண்தான். இதில் எங்கேயாவது உப்பின் பெயர் இருக்கிறதா? இல்லை. கந்தக அமிலத்தை 66 டிகிரி என்று விற்பார்கள். அது 66 சதவீத அமிலம் என்று நினைத்து நீர்த்தவன் அன்றைக்கு மறக்க முடியாத பாடம் கற்பான். 66 டிகிரி கந்தக அமிலம் சுமார் 93 சதவீதம். அடர்த்தி 1.835.

பிறகு ஏன் உப்பு நீரில் டிகிரியும் சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன? அதற்குக் காரணம் உண்டு. 1768-ல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் இந்த அளவுகோலை வகுத்தபோது, தூய நீரில் மிதவை நின்ற இடத்தை 0 என்றார். 15 பங்கு உப்பை 85 பங்கு நீரில் கரைத்து, அதில் நின்ற இடத்தை 15 என்றார். இடையில் சமமாகப் பிரித்தார். அதாவது அளவுகோல் பிறந்ததே சமையல் உப்பில். அதனால் அது உப்புக்கு மட்டும் சதவீதம் போல நடிக்கும். நடிப்புத்தான். பின்னால் வந்தவர்கள் சூத்திரத்தைத் திருத்தித் திருத்தி, இப்போது 145 போட்டால், 10 சதவீத உப்பு நீர் 9.6 டிகிரி காட்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தூய சோடியம் குளோரைடை 25 பாகை செல்சியஸ் சூட்டில் இதற்கு மேல் கரையாது என்னும்வரை கரைத்தால், நிறைச் சதவீதம் 26.4. அடர்த்தி 1.198. இதைப் போமேயில் மாற்றிப் பார்: 145 − 145 ÷ 1.198. விடை 24.

புரிகிறதா? தூய உப்பு நீர் 24-ஐத் தாண்டாது. உன் அப்பாவின் நீர் 25 காட்டுகிறது, பிறகு 29 வரை ஏறுகிறது. ஆகவே அது தூய உப்பு நீர் இல்லை. மிச்சக் கனத்தை வேறு எதுவோ தருகிறது. என்னவென்று உன் அப்பாவே சொல்லிவிட்டார். கசக்கும் என்றாரே, அது மக்னீசியம்.

இப்போது உன் 10.6 மி.லி.க்கு வருவோம். கணக்குப்புலி சொன்னதுபோல் நீ கூடுதலாக விடவில்லை. மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது, கையைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் சில்வர் நைட்ரேட் சோடியத்தை எண்ணாது, குளோரைடை எண்ணும். மக்னீசியம் குளோரைடோடு வந்த குளோரைடும் அதற்கு ஒன்றுதான். ஆகவே 5.30 மோலார் என்பது குளோரைடின் செறிவு. அது சரியான எண். அதை 58.44-ஆல் பெருக்கி "லிட்டருக்கு 310 கிராம் சோடியம் குளோரைடு" என்று எழுதியபோதுதான் தவறு புகுந்தது. "சோடியம் குளோரைடாகக் கணக்கிட்டால்" என்ற மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால் அதுவும் தவறில்லை. எங்கள் அறிக்கைகளில் அந்த மூன்று சொற்களை விட்டுவிட்டதற்காக ஒரு முறை நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மக்னீசியத்தையும் சல்பேட்டையும் அளந்து வா. மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

அளத்துப்பெண்

ஐயா, மிக்க நன்றி. "நடிப்புத்தான்" என்று படித்தவுடன் அப்பாவிடம் சொன்னேன். "நடிப்போ என்னவோ, 25-ல் உப்பு விழுகிறதா இல்லையா" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அளந்தேன். அதே நூறு மடங்கு நீர்த்த கரைசலில் 20 மி.லி. எடுத்து, பி.எச். 10 தாங்கல் கரைசல் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி போட்டு, மக்னீசியத்தைப் பற்றிக்கொள்ளும் 0.01 மோலார் இ.டி.டி.ஏ.வால் தரம் பார்த்தேன். 10.2 மி.லி. ஒயின் நிறம் நீலமாகும் அந்த ஒரு சொட்டு பார்க்க அழகாக இருக்கிறது. ஆகவே மக்னீசியம் 0.51 மோலார்.

சல்பேட்டுக்கு நீர்க்காத நீரில் 10 மி.லி. எடுத்து, பேரியம் குளோரைடால் வீழ்த்தி, வடிகட்டி, எரித்து நிறுத்தேன். 0.397 கிராம் பேரியம் சல்பேட். 233.4-ஆல் வகுத்தால் 1.70 மில்லிமோல். ஆகவே 0.17 மோலார். வடிதாளோடு இந்த வேலைக்கு ஒரு முழு நாள் போனது.

கால்சியமும் இ.டி.டி.ஏ.வில் சேர்ந்து வருமே, அதை என்ன செய்வது?

பாத்திவரப்பு

கால்சியத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உப்பு நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 25 டிகிரிக்கு வரும் முன்பே, முந்தைய பாத்திகளிலேயே, கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக (கால்சியம் சல்பேட்டாக) படிந்துவிடும். அப்பாவின் அளத்தில் அந்தப் பாத்திகளின் தரையை மிதித்துப் பாருங்கள், காலுக்கு அடியில் நறநறவென்று ஓடு போல் இருக்கும். அதுதான். ஆகவே கடைசிப் பாத்தி நீரில் மிஞ்சும் கால்சியத்தை உங்கள் கணக்கிற்கு விட்டுவிடலாம். கிணற்று நீரையே அளந்திருந்தால் விட முடியாது.

இன்னொன்று. மாதிரியை எந்த நேரத்தில் எடுத்தீர்கள்? குழாயில் 15.6 பாகை செல்சியஸ் என்று பொறித்திருக்கும். நம் பாத்தி நீர் மதியம் 38 வரை போகும். இந்தச் செறிவில் ஒரு பாகை சூட்டுக்கு அடர்த்தி ஏறத்தாழ 0.0005 குறையும். 22 பாகை வித்தியாசம் என்றால் 0.011. போமேயில் ஒரு டிகிரிக்கு மேல். ஒரு பாட்டிலில் பாத்தி நீரை இறுக மூடி வைத்துவிட்டு, விடியற்காலையில் ஒரு முறை, மதியம் வெயிலில் ஒரு முறை பாருங்கள். ஒரு துளி நீரும் ஆவியாகாமலே அரை டிகிரி விளையாடும்.

பழைய பியூரெட்

பாத்திவரப்பு சொன்னது நல்ல சோதனை. செய்து பார்.

இனிக் கணக்கு. அயனிகளை உப்புகளாகச் சோடி சேர்க்க ஒரு மரபு உண்டு. கரைசலுக்குள் அப்படி யாரும் சோடி சேர்ந்து நிற்பதில்லை, இது நம் வசதிக்கு. கால்சியத்தை விட்டுவிட்டதால், சல்பேட் முழுவதையும் மக்னீசியத்தோடு சேர்: மக்னீசியம் சல்பேட் 0.17 மோலார். மிஞ்சிய மக்னீசியம் 0.51 − 0.17 = 0.34. அது மக்னீசியம் குளோரைடு. ஒரு மக்னீசியத்திற்கு இரண்டு குளோரைடு, ஆகவே 0.68 மோல் குளோரைடு அதற்குப் போனது. அயனியின் மின்சுமையையும் சேர்த்து எண்ணும் நார்மாலிட்டி எதற்கு என்று வகுப்பில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். இங்கே பார்: மக்னீசியம் குளோரைடு 0.34 மோலார், ஆனால் 0.68 நார்மல். சோடியம் குளோரைடுக்கு இரண்டும் ஒன்றே. குளோரைடைக் கழிக்கும் இடத்தில் நார்மாலிட்டியில் எழுதியிருந்தால் இரண்டால் பெருக்க மறக்கவே முடியாது.

மிச்சக் குளோரைடு 5.30 − 0.68 = 4.62. பொட்டாசியம் கொஞ்சம் இருக்கும், இப்போதைக்கு அதையும் சோடியம் என்றே வைத்துக்கொள்வோம். சோடியம் குளோரைடு 4.62 மோலார். லிட்டருக்கு 270 கிராம். நீ எழுதிய மூன்று விடைகளில் எதுவும் இது இல்லை, பார்த்தாயா?

சதவீதத்திற்கு இனித்தான் அடர்த்தி வேண்டும். 270 ÷ 1208 என்றால் 22.35 சதவீதம், நிறைக்கு நிறை. கனஅளவுக்கு நிறை என்று எழுதினால் 27.0 சதவீதம். ஒரே நீர், இரண்டும் "சதவீதம்", இடையே ஏறத்தாழ ஐந்து சதவீதம் வித்தியாசம். எதற்கு எது என்று எழுதாத சதவீதத்தை நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவேன். இளைஞர்கள் என்னை அதற்காகவே வெறுத்தார்கள்.

மோலாலிட்டிக்கு நீரின் நிறை தேவை, கரைசலின் நிறை அல்ல. ஒரு லிட்டர் கரைசல் 1208 கிராம். அதில் சோடியம் குளோரைடு 270, மக்னீசியம் குளோரைடு 0.34 × 95.2 = 32.4, மக்னீசியம் சல்பேட் 0.17 × 120.4 = 20.5. மொத்தம் 323. நீர் 885 கிராம். 4.62 ÷ 0.885 = 5.22 மோலால். இங்கேதான் பலர் 1208-லிருந்து 270-ஐ மட்டும் கழித்துவிட்டு மற்ற உப்புகளை நீராக்கிவிடுவார்கள்.

மோல் பின்னம், அதாவது மொத்த மோல்களில் சோடியம் குளோரைடின் பங்கு: நீர் 885 ÷ 18.015 = 49.13 மோல். 4.62-ஐ (4.62 + 0.34 + 0.17 + 49.13)-ஆல் வகுத்தால் 0.085.

பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று கேட்டால் எதை எதால் வகுத்தது என்று முதலில் கேள். குடிநீரில் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ, ஆகவே லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் பி.பி.எம். என்பதும் ஒன்று. இங்கே லிட்டருக்கு 2,70,000 மில்லிகிராம், ஆனால் 2,23,500 பி.பி.எம். இவ்வளவு கனமான நீரில் இரண்டையும் ஒன்றென்று எழுதக்கூடாது. பி.பி.எம். எல்லாம் எங்களுக்கு மறுமுனையில்தான் தேவைப்படும். உப்பு நீரை மின்சாரத்தால் பிரித்துக் காஸ்டிக் சோடா எடுக்கும் சவ்வு மின்கலத்திற்குள் போகும் உப்பு நீரில் சோடியம் குளோரைடு லிட்டருக்கு 300 கிராம் அளவில் இருக்கும். அதே நீரில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 20 பி.பி.பி.க்குள், அதாவது நூறு கோடியில் 20 பங்குக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சவ்வு கெடும், அன்றைக்கு யார் பணியில் இருந்தார் என்று தேடுவார்கள். உன் அப்பா 29-ல் வடித்துவிடும் மக்னீசியத்தின் மிச்சத்தை நாங்கள் அங்கே துளித்துளியாகத் துரத்திக்கொண்டிருந்தோம்.

சூட்டின் பேச்சு வந்ததால் ஒன்று: காலையில் 4.64 மோலார் என்பது மதியம் 4.62 ஆகும், ஏனென்றால் லிட்டர் விரிகிறது. மோலாலிட்டி அசையாது, கிலோவுக்குச் சூடு தெரியாது.

கணக்குப்புலி

ஒப்புக்கொள்கிறேன். செங்கல் நிறத்தின் மேல் பழி போட்டதற்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம்: 1.208 என்பதும் அப்பாவின் குழாய் சொன்னதுதானே? அதை மட்டும் எப்படி நம்புவது?

அளத்துப்பெண்

அதையேதான் நானும் நினைத்தேன். அடர்த்திக் குப்பியை வைத்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் 30 பாகை. குப்பியில் வாலை வடிநீர் 24.89 கிராம் பிடித்தது. அந்தச் சூட்டில் நீரின் அடர்த்தி 0.9957, ஆகவே குப்பியின் கனஅளவு 25.00 மி.லி. துடைத்து உலர்த்திப் பாத்தி நீரை நிரப்பினேன். 30.28 கிராம். அடர்த்தி 1.211. மாதிரி எடுத்தது மதியம், பாத்தியில் 38 பாகை. எட்டுப் பாகைக்கு 0.004 கழித்தால் 1.207. அப்பாவின் குழாய்க்கும் ஆய்வகத் தராசுக்கும் சண்டை இல்லை.

குப்பியின் மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்பு காய்ந்து ஒட்டியிருந்ததை முதல் முறை கவனிக்கவில்லை. அன்று 30.41 வந்தது. அரை மணி நேரம் அழாத குறை.

மூடிய பாட்டில் சோதனையும் செய்தேன். காலை ஆறு மணிக்கு 25 மற்றும் ஒரு கோடு, மதியம் இரண்டு மணிக்கு 25-க்கு ஒரு கோடு கீழே. அவருடைய குழாயில் ஒரு கோடு கால் டிகிரி. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். "இதற்கா பாட்டிலை மூடினாய்? காலை டிகிரியை நம்பி உப்பு வாரக்கூடாது என்று தாத்தா காலத்திலிருந்தே சொல்வோமே" என்றார்.

இத்தனை நாளாக இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் மோலார் பற்றித்தான் கேட்டேனாம், சூட்டைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. அறிக்கையின் முதல் வரியில் "25 டிகிரி போமே" என்று எழுதும்போது பக்கத்தில் சூட்டையும் எழுத வேண்டுமா?

பழைய பியூரெட்

எழுது. 38 பாகையில் 25 டிகிரி போமே. அடுத்த வரியில் குளோரைடு 5.30 மோலார் என்று எழுது, சோடியம் குளோரைடு 4.62-ஐ அதற்குக் கீழே எழுது, அளந்தது எது, கழித்துப் பெற்றது எது என்று படிப்பவருக்குத் தெரியட்டும். பொட்டாசியத்தை அளக்கவில்லை என்பதையும் மறைக்காதே.

29-ல் அப்பா வடிக்கும் நீரிலும் ஒரு பாட்டில் பிடித்து வை. அதில் சில்வர் நைட்ரேட்டை மட்டும் நம்பினால் எவ்வளவு உப்பு இருப்பதாகத் தோன்றும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுது. மூடியைத் துடைத்துவிட்டு.